ரோதைக்குக் கொடுத்த குரல்

என் குரலைக் கேட்டுத்தான் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று எனக்கு முதலில் சொன்னது அன்னபாய். போன ஞாயிற்றுக்கிழமை, குருத்தோலை ஆராதனை முடிந்து ஆளுக்கொரு ஓலையோடு கோயில் வாசலில் நிற்கும்போது சொன்னாள். அன்னபாய் யாரென்று உனக்குத் தெரியாது, இல்லையா? சாயர்புரம் பக்கத்தில் எங்கள் சபை. அங்கே மணி அடிக்கிற கோயில்குட்டியாருடைய பெஞ்சாதி. கெட்டவள் இல்லை. ஒரு வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு வீடுவரைக்கும் நடக்க அவளால் முடியாது, அவ்வளவுதான்.

"எக்கா, ஒங்களுக்குள்ள இப்படி ஒரு கூத்து இருக்குன்னு இத்தனை வருசமாத் தெரியாமப் போச்சே! சிரிச்சுச் சிரிச்சு எங்க வீட்டுல அவியளுக்குப் புரையேறிட்டு" என்றாள்.

"என்னட்டி கூத்து?"

"தெரியாத மாதிரி கேக்கியளே! ஒங்க மவன் காட்டுற படம். நீங்க பேசப் பேசக் கூட்டம் எப்படிச் சிரிக்கி பாருங்க."

போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். சின்னத் துண்டுதான். யாரோ ஹாலில் உட்கார்ந்து பிடித்தது. திரையில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை ஓடுகிறாள். என் குரல் கேட்கிறது. என் குரலுக்கு மேலே சிரிப்பு கேட்கிறது. சபைப் பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம்; அவர் வீட்டு ஐயரம்மா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நான் என்ன செய்தேன் என்கிறாய்? நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? ஓலையை வீட்டுக்குக் கொண்டு வந்து வேதப்புத்தகத்துக்குப் பின்னால் சொருகி வைத்தேன். மறுநாள் விடிந்ததும் மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்துவிடும்மா, காற்று கண்ணில் அடிக்கிறது. போதும், போதும். நீ கோவில்பட்டியில் இறங்குகிறாயா? அப்படியானால் சொல்லி முடித்துவிடலாம். உன்னைப் பார்த்தால் பொறுமையான பிள்ளையாகத் தெரிகிறது. எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

எனக்கு இரண்டு பெண், ஒரு பையன். பெண்கள் கட்டிக்கொடுத்த இடத்தில் சுகமாக இருக்கிறார்கள். பையன் இன்பராஜ், கடைக்குட்டி. மதுரையில் ஒரு கல்லூரியில் சினிமாவைப் பற்றிப் பாடம் எடுக்கிறான். சினிமா பார்த்தால் அவன் அப்பா பெல்ட்டைக் கழற்றுவார்கள். இவன் அதைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறான். கர்த்தருடைய வழிகள் நமக்குப் புரிகிறதா? அவன் பெஞ்சாதி ஷெர்லின். நல்ல பிள்ளை. அவளைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். அவனைப் பற்றியும் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

போன கிறிஸ்மஸ் லீவுக்கு வந்திருந்தார்கள். மறுநாள் காலையில் அவன் என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்து நின்றான்.

"யம்மா, ஒரு நல்ல காரியம் இருக்கு. நீதான் செய்யணும்."

"சொல்லு."

"மதுரையில கண்ணு தெரியாத பிள்ளைங்க பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்கு. அங்க ஒரு படம் காட்டப்போறோம்."

"கண்ணு தெரியாத பிள்ளைக்கு என்னலே படம் காட்டுவ?"

"அதுக்குத்தான் நீ. பழைய இங்கிலீசு ஊமைப்படம். அந்தக் காலத்துல இங்க டூரிங் கொட்டாயில ஊமைப்படம் ஓடும்போது ஒரு ஆளு பக்கத்துல நின்னு கதை சொல்லுவாராம். அந்த மாதிரி நீ சொல்லணும். என்ன நடக்குதோ அதை அப்படியே பாத்துப் பாத்துச் சொல்லு, நான் பதிஞ்சுக்கிடுவேன்."

"ஷெர்லினைச் சொல்லச் சொல்லு. படிச்ச பிள்ளை."

"அவ சொன்னா வகுப்பெடுக்கிற மாதிரி இருக்கும். நீ ஞாயிறு பள்ளிக்கூடத்துல கதை சொல்லுவல்லா, அப்படி வேணும்."

பார் எப்படி வலை விரித்தான் என்று. இருபத்தைந்து வருஷம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவள் நான். கண் தெரியாத பிள்ளைகள் என்று வேறு சொல்லிவிட்டான். மாட்டேன் என்று எந்த வாய் சொல்லும்? நல்ல காரியம் தொடங்கும்போது ஒருவேளை உபவாசம் இருப்பது என் வழக்கம். அன்றைக்கும் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. முழங்காலில் நின்று, ஆண்டவரே, அந்தப் பிள்ளைகள் என் நாவின் வழியாகப் பார்க்கட்டும் என்று ஜெபம் பண்ணிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். நல்ல சேலை கூட உடுத்திக்கொண்டேன். குரல்தானே பதியப்போகிறது, சேலை எதற்கு என்று ஷெர்லின் கேட்டாள். பிள்ளைகள் முன்னால் போகிறோம் இல்லையா!

படம் லண்டனில் எடுத்தது. நூறு வருஷத்துக்குக் கிட்ட ஆகிறதாம். வந்த காலத்தில் அங்கே ஜனங்கள் நாற்காலியில் இருந்து உருண்டு விழுந்து சிரித்தார்களாம். இன்பராஜ் முதலிலேயே சொல்லிவிட்டான், "இது சிரிப்புப் படம்மா." சரி, சிரிப்பு எப்போது வரும் வரும் என்று நானும் காத்திருந்தேன். கடைசிவரைக்கும் எனக்கு வரவில்லை.

கதையைக் கேள். ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரன் நெட்டை, வீட்டுக்காரி தலையில் இறகு. பார்க்கத்தான் பெரிய வீடு, உள்ளே ஒன்றும் இல்லை. ஊரில் பெரிய பிரபு ஒருத்தரை ராச்சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, எங்கள் வீட்டில் சமையல்காரி இருக்கிறாள், பரிமாற ஒருத்தி இருக்கிறாள், கதவு திறக்க ஒரு பட்லர் இருக்கிறான் என்று பீற்றிவிட்டார்கள். உள்ளது ஒரே ஒரு வேலைக்காரப் பிள்ளை. அந்த ஒருத்திதான் மூன்று பேராகவும் இருக்க வேண்டும். அடுப்படியில் சமைப்பாள், வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து பரிமாறுவாள், கோட்டும் ஒட்டு மீசையுமாகப் போய்க் கதவைத் திறப்பாள்.

இது இப்போது உனக்குச் சொல்கிறேன். பார்க்கும்போது எனக்கு இது தெரியாது. எழுத்தெல்லாம் இங்கிலீசில் வந்து போகிறது. மீசைப் பையன் வந்து கதவைத் திறந்ததும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிள்ளைகளா, இது அவ தம்பியா இருக்கணும். முகச்சாடை அப்படியே இருக்கு. பாவம், ரெண்டு பேரும் ஒரே வீட்டுல வேலைக்கு நிக்காங்க. தகப்பன் இல்ல போல" என்று சொல்லிவிட்டேன். இன்பராஜ் வாயில் கைக்குட்டையை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். இருமல் என்று நினைத்து, "சுக்குக் காப்பி போட்டுத் தரட்டாய்யா?" என்றேன். அதுவும் அதிலே பதிந்திருக்கிறது.

சிரிம்மா, சிரி. அடக்காதே. அந்த இடத்துக்கு நானே சிரிப்பேன்.

அந்தப் பிள்ளைக்குப் பெயர் கிடையாது. "பேரு என்னலே?" என்று கேட்டால், "வேலைக்காரின்னுதாம்மா எழுதியிருக்கு" என்றான். பெயரில்லாத பிள்ளையைப் பற்றிக் கதை சொல்ல முடியுமா? நான் ரோதை என்று வைத்தேன். வேதத்தில் ரோதை என்று ஒரு வேலைக்காரப் பிள்ளை வருவாள். பேதுரு சிறையில் இருந்து தப்பித்து வந்து கதவைத் தட்டுவார். அவள்தான் ஓடிப்போய் வாசலில் அவர் நிற்கிறார் என்று சொல்வாள். உனக்குப் பைத்தியம் என்பார்கள். உண்மையைச் சொல்லியும் ஒருத்தரும் நம்பவில்லை. அந்தப் பெயர்.

மேசையில் மீன் வந்தது. பிள்ளைகளுக்கு மீனைச் சொல்ல வேண்டாமா? "கருப்பு வெள்ளையில மீனைத் தரம் பாக்க முடியல பிள்ளைகளா. சாளை இல்ல, பெரிசு. சீலாவா இருக்கலாம். ஆனா செவுளைக் காட்டல, பழசோ என்னமோ" என்றேன். பிரபு ஸ்தோத்திரம் பண்ணாமல் சாப்பிட ஆரம்பித்ததையும் சொன்னேன். மீசை பிய்ந்து சூப்பில் விழுந்தபோது, "அவ வேணும்னு போடல பிள்ளைகளா, பசை காஞ்சு போச்சு" என்று எடுத்துச் சொன்னேன். பிள்ளைகள் அவளைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது இல்லையா?

ஒன்று மட்டும் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பிள்ளை காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு துண்டு ரொட்டியை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவாள். உடனே மணி அடிக்கும். வைத்துவிட்டு ஓடுவாள். திரும்பி வருவாள், எடுப்பாள், மறுபடி மணி. படம் முழுக்க இதுதான். சூப்பு போகிறது, மீன் போகிறது, கறி போகிறது, இனிப்பு போகிறது, அவள் கையாலேயே போகிறது. அந்த ரொட்டி மட்டும் அவள் வாய்க்குள் போகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஒரு வாய் சாப்பிட விடுங்கய்யா, புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சுகிறேன், யாரிடம்? செத்து எத்தனையோ வருஷமான வெள்ளைக்காரர்களிடம்.

பிறகு வெள்ளிக் கரண்டி ஒன்றைக் காணோம். வீட்டுக்காரி எழுந்து நின்று விரலை நீட்டுகிறாள். ரோதை தட்டோடு திரும்புகிறாள். அவ்வளவுதான். திரை வெள்ளையாகிவிட்டது.

"என்னலே, கரண்டு போச்சா?"

"இல்லம்மா. அதுக்கு மேல படம் கெடையாது. கடைசிச் சுருள் அழிஞ்சு போச்சு. உலகத்துல எங்கயும் இல்ல."

"அப்ப அந்தப் பிள்ளைக்கு என்னாச்சு?"

"யாருக்கும் தெரியாது."

இதை எப்படி அப்படியே விடுவது? கண் தெரியாத பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும், திருடி என்று விரலை நீட்டிய இடத்தில் விட்டுவிட்டுப் போனால் அதுகள் ஏங்கிப் போகாதா? "நான் சொல்லட்டா?" என்றேன். "சொல்லும்மா" என்றான்.

சொன்னேன். ரோதையை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டம்மாவும் அவள் தங்கச்சியும் கதவைச் சாத்தினார்கள். பாவாடை மடிப்பை உதறச் சொன்னார்கள். கொண்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். அவள் எடுக்கவில்லை என்றாள். எடுக்காதவள் எதற்கு நடுங்குகிறாய் என்றார்கள். அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இல்லை. காலையில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தபோது, சாம்பலுக்குப் பக்கத்தில் தேங்காய் நார்க் குவியலுக்குள் கரண்டி கிடந்தது. கொண்டுபோய்க் கொடுத்தாள். வீட்டம்மா, "அங்க வை" என்றாள். சாயங்காலக் குடும்ப ஜெபத்தில், காணாமல் போன பொருள் கிடைத்ததற்காக எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ரோதையும் கடைசியில் முட்டுப்போட்டு ஆமென் சொன்னாள். அடுத்த வாரம் அவளுக்கு ஒரு புதுப் பாவாடை கொடுத்தார்கள். எதற்கு என்று சொல்லவில்லை.

இவ்வளவையும் சொல்லி, அந்தப் பிள்ளைக்காக ஒரு சின்ன ஜெபமும் பண்ணி முடித்தேன்.

உனக்குப் புரிந்திருக்கும். நீ சிரிப்பதை நிறுத்திவிட்டாய். ஆமாம்மா, அது ரோதை இல்லை. நான்தான். அப்பா இறந்து, எட்டாம் வகுப்போடு நிறுத்தி, பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலையா வீட்டில் என்னை வேலைக்கு விட்டிருந்தார்கள். அவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நான விருந்து. அந்தக் கரண்டி ஞானத்தகப்பன் கொடுத்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய மனுஷனிடம் சொல்லவில்லை, பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ரோதை மேல் வைத்துச் சொல்லும்போது சுலபமாக வந்துவிட்டது. கண் தெரியாத பிள்ளைகள்தானே, என்னைப் பார்க்கப் போவதில்லை என்று ஒரு தைரியம்.

இன்பராஜ் பதிந்துகொண்டிருந்த போனை அணைத்துவிட்டு, "யம்மா, எங்கிருந்தும்மா இப்படியெல்லாம் கற்பனை பண்ணுத?" என்று என் கன்னத்தைக் கிள்ளினான்.

தை மாதம் போன் பண்ணினான். "பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டியாச்சும்மா. ஒரே கைதட்டல்" என்றான். நான் அன்றைக்குக் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். அதற்கு மேல் அது எங்கே போகிறது, யார் கேட்கிறார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அன்னபாய் போனில்தான் பார்த்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் நான் போய் இறங்கியதும் அவனுக்கு ஒரே சந்தோஷம். "சரியான நேரத்துக்கு வந்திருக்க. நாளைக்குச் சாயங்காலம் கல்லூரியில மறுபடி போடுதோம். நீ வந்து உக்காரணும். நீதான்னு எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்" என்றான். "அத்தை, எங்க ஆபீஸ்லயே ஒங்களைத் தெரியாத ஆளு இல்ல" என்று ஷெர்லின் சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் என் காதால் முழுதும் கேட்போம் என்று நினைத்தேன். அன்னபாய் காட்டியது துண்டுதானே, துண்டை வைத்து ஒருத்தருக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. "நீதான்னு சொல்ல வேண்டாம். சும்மா ஓரமா இருந்து பாக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை. நேற்றுத்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஹால் நிறையப் பிள்ளைகள், பெரிய ஆட்களும் இருந்தார்கள். படம் ஓடியது. என் குரல் பெரிய பெட்டி வழியாக வந்தது. எனக்கே அது யாரோ ஒரு கிழவி மாதிரி இருந்தது. தம்பி என்றதற்குச் சிரித்தார்கள். சுக்குக் காப்பிக்குச் சிரித்தார்கள். மீனுக்கு விசில் அடித்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் என் தோளில் சாய்ந்து சிரித்தாள், அது என் குரல் என்று அவளுக்குத் தெரியாது. நானும் லேசாகச் சிரித்தேன். அதுவரைக்கும் எனக்கு ஒன்றுமில்லை, மெய்யாகவே.

ரொட்டி வந்தது. மணி அடிக்கிறது, நான் கெஞ்சுகிறேன், ஹால் குலுங்குகிறது. மறுபடி மணி, மறுபடி நான், மறுபடி ஹால். பசித்த பிள்ளையைப் பார்த்து இவர்களுக்கு எப்படி முடிகிறது என்று யோசித்தேன்.

கடைசிச் சுருள் இல்லை என்றேன் இல்லையா, அந்த இடத்துக்கு இன்பராஜ் முன்னால் வந்த காட்சிகளையே வெட்டி ஒட்டியிருந்தான். வேகமாக ஓட விட்டிருந்தான். நான் பாவாடையை உதறச் சொன்னார்கள் என்கிறேன், திரையில் ரோதை மேசை விரிப்பை உதறுகிறாள். கொண்டையை அவிழ்த்தார்கள் என்கிறேன், ரோதை தொப்பியைக் கழற்றி மாட்டுகிறாள், கழற்றி மாட்டுகிறாள், பொம்மை மாதிரி. சிரிப்பு நிற்கவே இல்லை. நான் தேங்காய் நார் என்றேன். ஒரே வெடி. "லண்டன்ல தேங்கா நாரா!" என்று ஒரு பையன் கத்தினான். எல்லாரும் கைதட்டினார்கள். இன்பராஜ் மேடைப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவனும்தான் சிரித்தான். பல் தெரிய. நான் பார்த்தேன்.

லண்டனில் ஏது தேங்காய் நார்? நியாயமான கேள்விதான். நான் அதிகம் படிக்காதவள், மறந்து சொல்லிவிட்டேன். ஆனால் அதை ஒருத்தராவது நிஜமாகக் கேட்டார்களா? லண்டனில் இல்லாத தேங்காய் நார் இந்தப் பொம்பளை வாயில் எங்கே இருந்து வந்தது என்று ஒருத்தர் யோசிக்க வேண்டாமா? மற்றவர்களை விடு. அவர்கள் யாரோ. இவன் நான் பெற்றவன்.

என்ன? அவனிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா என்றா கேட்கிறாய்? அதுதான் சொன்னேனே, சொன்னதில்லை என்று. இதையெல்லாம் சொல்லுவார்களாம்மா? சொல்லாமலே தெரிய வேண்டாமா? அவனுக்குப் பசிக்கிறது என்பது அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்ததா?

வீட்டுக்கு வந்தோம். ஷெர்லின் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன்.

"கண்ணு தெரியாத பிள்ளைகளுக்குன்னு பொய் சொல்லித்தானலே எங்கிட்ட வாங்குன?"

"பொய் இல்லம்மா! மொத மொத அங்கதான் போட்டோம். அந்தப் பிள்ளைங்களுக்கு என்ன சந்தோசம் தெரியுமா? விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

"யாரு சிரிச்சா?"

"அந்தப் பிள்ளைங்கதான்."

தட்டைக் கீழே வைத்தேன்.

"அதுகளுக்குப் படம் தெரியாதுல்லா?"

"தெரியாது."

"ஓடுறது தெரியாது, மீசை தெரியாது, ஒண்ணும் தெரியாது."

"ஆமா."

"அப்ப எதைக் கேட்டுலே சிரிச்சிச்சு?"

ஷெர்லின் அடுப்பை அணைத்துவிட்டாள். கல்லில் இருந்த தோசை கருகும் வாடை வந்தது, ஒருத்தரும் எடுக்கவில்லை.

பிறகு அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தான். "யம்மா, சிரிக்கிறது வேற, கேலி பண்ணுறது வேற. அவங்களுக்கு ஒன்னைப் பிடிச்சிருக்கு. எத்தனை பேரு வந்து என்கிட்டக் கேட்டாங்க தெரியுமா, அந்த அம்மா யாரு, அவங்களைப் பாக்கணும்னு? அந்தப் படத்தைச் சும்மா பாத்தா பத்து நிமிசத்துல தூங்கிருவாங்க. ஒனக்காகத்தான் உக்காந்திருக்காங்க. திருவனந்தபுரத்துல கூப்பிட்டிருக்காங்க" என்றான். பேசுவதற்கு அவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பாடம் எடுக்கிறவன்.

"கடைசியில கொஞ்சம் இழுக்கத்தான் செய்யி. ஒனக்கு மனசு சங்கடம்னா அந்தப் பகுதியை வெட்டிருதேன்" என்றான்.

"வெட்டாத" என்றேன்.

"பெறகு என்னதாம்மா வேணும்?"

"அந்த எடத்துல யாரும் சிரிக்கக் கூடாது."

"அதை நான் எப்படிம்மா செய்ய முடியும்?" என்று கேட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "ஏம்மா, அந்த எடம் மட்டும் ஏன்?"

"ஒண்ணுமில்ல. தோசை கருகிப்போச்சு, அதைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் படுத்துவிட்டேன். இப்போதா கேட்கிற கேள்வி அது? டிசம்பரில் கேட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை என்று சொன்னேனே, ஏன் என்று சொல்லவில்லை. பெரிய வெள்ளிக்கு எங்கள் கோயிலில் மூன்று மணி நேரம் மும்மணி ஆராதனை நடக்கும். சிலுவையில் அவர் சொன்ன ஏழு வார்த்தைக்கும் ஒவ்வொருத்தர் எழுந்து ஜெபம் பண்ண வேண்டும். பெண்கள் சங்கத்துக்கு முதல் வார்த்தை. அது மன்னிக்கிறதைப் பற்றினது. வருஷா வருஷம் நான்தான் பண்ணுவேன். இந்த வருஷமும் என் பெயரைத்தான் ஐயர் வாசித்திருக்கிறார்கள். மனதில் இல்லாததை வாயால் ஜெபம் பண்ண எனக்கு வராது. அந்த வக்கீலையா வீட்டம்மாவைக் கூட நான் மன்னித்துவிட்டேன். ஒவ்வொரு வருஷமும் அந்த ஜெபத்தில் அவர்கள் முகம்தான் எனக்கு முன்னால் நிற்கும், நான் கண்ணை மூடிக்கொண்டு மன்னிப்பேன். எங்கேயோ இருக்கிறவர்களை மன்னிக்கலாம்மா. அவர்கள் என் கன்னத்தைக் கிள்ளினவர்கள் இல்லை.

மன்னிப்புக் கேட்டால் மன்னித்துவிடுவேன். கேட்கவும்தான் செய்தான், "சாரிம்மா" என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னான். எதற்குச் சாரி என்று அவனுக்கே தெரியாது. எதற்கென்று தெரியாமல் கேட்கிறவனை எதற்கென்று மன்னிக்க? நான் சொன்னால் தெரியும் என்கிறாய். உன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சொல்லுவதற்கு அவனிடம் போனால், அவன் அந்த போனை எடுத்து வைத்துக்கொண்டு கேட்பான் என்று எனக்கு ஒரு பயம் வந்துவிட்டதம்மா. பெற்ற பிள்ளையிடம் பேசுவதற்கு முன்னால் அவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும்படி ஆகிவிட்டது.

இன்றைக்குக் காலையில் இன்பராஜ் பால் வாங்கப் போனான், ஷெர்லின் குளிக்கப் போனாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கி ஆட்டோ பிடித்துவிட்டேன். போனை அங்கேயே மேசையில் வைத்துவிட்டேன். மறந்து வைக்கவில்லை.

இது சாத்தூர்தானே? அப்படியானால் நீ இறங்குவதற்கு அரை மணி நேரம் கூட இல்லை. அவன் இந்நேரம் மாட்டுத்தாவணியில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பான். அவனுக்கு அப்பா மாதிரியே சட்டென்று படபடப்பு வந்துவிடும், வேர்த்து ஊற்றும்.

எனக்கு ஒரு உதவி செய்யம்மா. உன் போனில் இருந்து அவனைக் கூப்பிடு, நம்பர் எனக்கு மனப்பாடம். "ஒங்க அம்மா நெல்லை பஸ்ல எம் பக்கத்துலதான் இருக்காங்க, சுகமா இருக்காங்க" என்று சொல்லு, அது போதும். அவங்ககிட்ட குடுங்க என்று கேட்பான். கொடுத்துவிடாதே.